டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய என்ன வாங்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் முடிந்தவுடன் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "டிவியில் வரும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து இதில் வைத்துக் கொள்ள முடியுமா?" என்பதாகும். முடியும். ஆனால் அதற்கு எந்தச் சாதனத்தை வாங்குவது என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். கடையில் "ரெக்கார்டிங் வசதி உண்டா?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் "உண்டு சார்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். நாம் கேட்டதுதான் பாதிக் கேள்வி. "பதிவானதை எடுத்து வேறு ஓர் இடத்தில் போட்டுப் பார்க்க முடியுமா?" என்பது மீதிப் பாதி. இதனைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆகும் என்பதனை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

மதுரையில் இருக்கும் என் அக்காவின் மகள், ஆறாம் வகுப்பில் படித்தபோது ஒரு தனியார் சேனலில் சிறுவர் பேச்சுப் போட்டியில் கலந்து கொண்டாள். பார்வையாளர் வரிசையில் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். நடுவர் மைக்கை அவரிடம் நீட்ட, பேத்தியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அத்தான் அந்த நிகழ்ச்சியைத் தன் டிடிஎச் பாக்ஸில் இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்து வைத்திருந்தார். அடுத்த ஆண்டு அம்மா காலமாகிவிட்டார். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஓர் இடி இடித்தது, பாக்ஸ் போய்விட்டது.

நிறுவனத்தார் மறுநாளே வந்து வேறு பாக்ஸ் மாட்டிக் கொடுத்தார்கள். ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் புதிய பாக்ஸில் இணைத்தவுடன், "இந்த டிஸ்க்கை பார்மட் செய்யவா?" என்று டிவி திரையில் ஒரு கேள்வி வந்தது. அத்தான் எதையும் அழுத்தாமல் எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, உன் கம்ப்யூட்டரில் போட்டால் வருமா பார்" என்றார். போட்டுப் பார்த்தேன். விண்டோஸும் அதே கேள்வியைத்தான் கேட்டது. பதிவு உள்ளே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி பழைய பாக்ஸோடு போய்விட்டது. சேனலின் யூடியூப் பக்கத்தில் தேடினோம். குழந்தை பேசிய நான்கு நிமிடம் மட்டும் இருக்கிறது. அம்மா பேசிய பகுதி இல்லை.

எனவே சாதனம் வாங்கும் முன்னர் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். பதிவு செய்வது எதற்காக? அந்தப் பதிவின் சாவி யாரிடம் இருக்கும்? இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் தேவை என்ன?

பதிவு செய்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், "இரவு எட்டு மணிக்கு வரும் தொடரைப் பத்து மணிக்குப் பார்க்க வேண்டும்" என்பவர்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுவார்கள். இரண்டாம் வகையினர், "இதனைப் பத்து ஆண்டு கழித்தும் பார்க்க வேண்டும்" என்பவர்கள். வீட்டுக் குழந்தை கலந்து கொண்ட நிகழ்ச்சி, ஊர்த் திருவிழா நேரடி ஒளிபரப்பு, பிடித்த ஒரு கச்சேரி ஆகியவை இதில் அடங்கும்.

முதல் வகைக்கு இன்று தனியாக ஒரு சாதனம் தேவைப்படாமலே போகலாம். சன் நெக்ஸ்ட் (2017ல் வந்தது), ஜீ5 (2018), ஜியோஹாட்ஸ்டார் (2025ல் இந்தப் பெயரில் தொடங்கியது) போன்ற செயலிகளில் பல தமிழ்த் தொடர்களைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம். வீட்டில் நல்ல இன்டர்நெட் இணைப்பு இருந்தால், தொடர்களுக்காக மட்டும் ரெக்கார்டர் வாங்குவது வீண் செலவு. ஆனால் இந்தச் செயலிகளில் "டவுன்லோட்" செய்வதை நம் கையில் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். சந்தா முடிந்தாலோ, நிகழ்ச்சியை அவர்கள் எடுத்துவிட்டாலோ ஓடாது.

செய்தி, நேரடி ஒளிபரப்பு, உள்ளூர் நிகழ்ச்சி போன்றவை எல்லாமே பின்னர் செயலியில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பாதுகாக்க வேண்டியவை பெரும்பாலும் இவைதான். இவற்றுக்காகத்தான் சாதனத்தைப் பார்த்து வாங்க வேண்டியுள்ளது.

பதிவு எப்படி நடக்கிறது?

முன்பு வீடியோ டேப்பில் பதிவு செய்தபோது, வந்த சிக்னலை டேப்பில் காந்தப் பதிவாக மாற்றினோம். அந்த டேப்பை எந்த வீட்டு விசிஆரில் போட்டாலும் ஓடியது. இப்போது டிடிஎச் அல்லது கேபிள் வழியே வருவது முன்பே டிஜிட்டலாகச் சுருக்கப்பட்ட தகவல். செட் டாப் பாக்ஸ் அதனை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அதனால்தான் பதிவின் தரம் நேரடியாகப் பார்ப்பது போலவே இருக்கிறது.

இங்கேதான் பூட்டு வருகிறது. கட்டணச் சேனல்களைப் பதிவு செய்யும் பாக்ஸ்கள், எழுதும்போதே அந்தத் தகவலைப் பூட்டி எழுதுகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி அந்த ஒரு பாக்ஸுக்குள் மட்டும் இருக்கும். அதே நிறுவனத்தின் அதே மாடல் பாக்ஸ் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அதில் ஓடாது. நிகழ்ச்சிகள் நகலெடுத்து விற்கப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். நாம் அதனைத் தெரிந்து கொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றை இப்போது வாங்க வேண்டாம்:

1. டிவி டியூனர் கார்ட்: பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கம்ப்யூட்டரில் டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் பலர் இதனை வாங்கினார்கள். கேபிள் வயரை நேராக அதில் செருகினால் போதும். 2011ல் திருத்தப்பட்ட கேபிள் டிவி சட்டத்தின்படி 2012 முதல் கட்டம் கட்டமாகக் கேபிள் டிஜிட்டலுக்கு மாறியது. கடைசிக் கட்டத்திற்கு 2017 மார்ச் வரை கெடு வைக்கப்பட்டது. இப்போது செட் டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிள் வயரில் படம் வராது. ஆகவே பழைய அனலாக் டியூனர் கார்ட் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்துவிட வேண்டாம். விண்டோஸ் 10, 11க்கு அதன் டிரைவர் கிடைப்பதும் கடினம். இவ்வகைக் கார்ட்களோடு பலர் பயன்படுத்திய விண்டோஸ் மீடியா சென்டர் புரோகிராமும் 2015ல் வந்த விண்டோஸ் 10ல் நீக்கப்பட்டுவிட்டது.

2. விசிஆர்: உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம், 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. வீட்டில் பழைய டேப்கள் இருந்தால் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொள்ள மட்டும் ஒரு விசிஆரைத் தேடலாம்.

3. டிவிடி ரெக்கார்டர்: பழைய சரக்காக எங்காவது கிடைத்தாலும் வேண்டாம். ஒரு டிவிடியில் கொள்வது 4.7 ஜிபிதான். கோடையில் பீரோ மேல் வைத்து மறந்த டிவிடிகளில் எத்தனை இன்று ஓடுகின்றன என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு உள்ள நான்கு வழிகள்:

வழி 1: டிடிஎச் ரெக்கார்டர் பாக்ஸ்

பாக்ஸுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கும். அல்லது எச்டி பாக்ஸின் பின்புறம் உள்ள யுஎஸ்பி துளையில் நம் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கலாம். இந்தியாவில் 2008ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது இந்த வசதி பரவலாகத் தெரிய வந்தது. (அந்த நிறுவனத்தின் பெயர் 2022 முதல் டாடா பிளே.)

பயன்படுத்த இதைவிட எளிது வேறில்லை. நிகழ்ச்சிப் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்து ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்தினால் போதும் என்கிற அளவில் இருக்கும். ஓடிக் கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம். ஆனால் மேலே சொன்ன பூட்டு இதில் உண்டு. சில பாக்ஸ்களில் ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பதிவு செய்து வைத்ததும் திறக்காது. பார்த்து அழிப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. பாதுகாக்க விரும்புபவர்களுக்கு ஏற்றதல்ல.

ஓர் எச்சரிக்கை. இவ்வகைப் பாக்ஸில் ஹார்ட் டிஸ்க்கை முதன்முதலில் இணைக்கும்போது பார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். சம்மதித்தால் அதில் இருக்கும் திருமண போட்டோ, அலுவலக பைல் எல்லாம் போய்விடும். புதிய, காலியான டிஸ்க்கை மட்டும் இதற்கெனத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வழி 2: இலவச டிடிஎச் பாக்ஸ்

தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை. ஒரு டிஷ், ஒரு பாக்ஸ் வாங்கி மாட்டிவிட்டால் போதும். இதற்கெனக் கடைகளில் விற்கும் பாக்ஸ்களில் பல, யுஎஸ்பி துளையில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்ய இடம் தருகின்றன. பூட்டு இல்லாத சேனலைப் பதிவு செய்யும்போது கிடைப்பது பெரும்பாலும் டிஎஸ் என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட சாதாரண பைல். அந்தப் பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகி, விஎல்சி மீடியா பிளேயரில் திறந்தால் ஓடும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975ல் தொடங்கியது. பின்னர் பொதிகை என்று அறியப்பட்ட அந்தச் சேனல், 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறியது. அதில் வரும் இசை நிகழ்ச்சிகளையும் விழா ஒளிபரப்புகளையும் பதிவு செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு இந்த வழி மிகவும் ஏற்றது. குறை என்னவெனில், கட்டணச் சேனல்கள் இதில் வராது.

வாங்கும்போது "யுஎஸ்பி" என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். சில பாக்ஸ்களில் அந்தத் துளை பாட்டு, படம் ஓட்டவும் சாப்ட்வேரைப் புதுப்பிக்கவும் மட்டுமே. "பிவிஆர்" அல்லது "ரெக்கார்டிங்" என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வழி 3: டிவியிலேயே பதிவு செய்தல்

சில டிவிக்களில் யுஎஸ்பி ரெக்கார்டிங் வசதி இருப்பதாக விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இந்த வசதி பொதுவாக டிவிக்குள் இருக்கும் டியூனர் வழியாக வரும் சேனல்களுக்கு மட்டுமே. நம் வீடுகளில் சேனல்கள் செட் டாப் பாக்ஸில் இருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியே வருகின்றன. அவற்றை டிவி பதிவு செய்யாது. இதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்து ஒரு டிவியை வாங்க வேண்டாம்.

வழி 4: கேப்சர் சாதனமும் உங்கள் கம்ப்யூட்டரும்

உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே! செட் டாப் பாக்ஸில் இருந்து வெளிவரும் படத்தையும் ஒலியையும் வாங்கி, யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சிறு சாதனம் வீடியோ கேப்சர். பென் டிரைவைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். சாதாரண வகைகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. இதில் இரண்டு வகை உண்டு.

எச்டிஎம்ஐ கேப்சர்: வீடியோ கேமரா, கேம் விளையாடும் சாதனம் போன்றவற்றில் இருந்து பதிவு செய்ய நல்லது. ஆனால் செட் டாப் பாக்ஸ்களின் எச்டிஎம்ஐ வழியில் எச்டிசிபி என்னும் பாதுகாப்புப் பூட்டு இருக்கும். அப்போது கம்ப்யூட்டர் திரையில் கறுப்புப் படம்தான் வரும். சாதனம் பழுது என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. இந்தப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொருட்களின் பக்கம் போக வேண்டாம்.

இந்த வகையில் அட்டைப் பெட்டியில் "4கே" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். சிறிய எழுத்தையும் படியுங்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக் கொள்ளும். பதிவாவது அதைவிடக் குறைந்த தரத்தில்தான் என்று பல சாதனங்களில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்டி படம், நொடிக்கு 30 பிரேம், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1000 மெகாபிட் தகவல். யுஎஸ்பி 2.0ன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். எனவே யுஎஸ்பி 2.0 சாதனம் படத்தை முன்பே சுருக்கித்தான் அனுப்ப முடியும். நல்ல தரம் வேண்டுமென்றால் யுஎஸ்பி 3.0 சாதனமாகப் பார்த்து, கம்ப்யூட்டரிலும் அதே வகைத் துளையில் செருக வேண்டும்.

ஏவி கேப்சர்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின்கள் கொண்ட பழைய வகை. மஞ்சள் படத்திற்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. பல செட் டாப் பாக்ஸ்களில் இந்த ஏவி அவுட் இன்றும் இருக்கிறது. சிலவற்றில் மூன்று துளைகளுக்குப் பதிலாக, ஹெட்போன் செருகுவது போன்ற ஒரே துளை இருக்கும். அதற்குரிய கேபிளை அந்தப் பாக்ஸுக்கு ஏற்றதாகவே கேட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் கேபிள்களில் உள்ளே வயர் வரிசை மாறியிருப்பதுண்டு.

இதில் பதிவாகும் படம் 720 x 576 புள்ளிகள்தான். பெரிய டிவியில் பார்த்தால் எச்டி போல் பளிச்சென இருக்காது. ஆனால் முகம் தெரியும், குரல் தெளிவாகக் கேட்கும், பைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். பாதுகாக்க வேண்டிய நிகழ்ச்சி கட்டணச் சேனலில் வருகிறது என்றால், சாதாரண வீட்டிற்கு நான் சொல்லும் வழி இதுதான்.

கம்ப்யூட்டரில் எப்படிப் பதிவு செய்வது?

ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச புரோகிராமை இறக்கி இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். அதில் சோர்சஸ் கட்டத்தில் உள்ள பிளஸ் அடையாளத்தைக் கிளிக் செய்து, வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் உங்கள் சாதனம் தெரியும். அதனைக் கொடுத்தவுடன் படம் வந்துவிடும். படம் வந்து ஒலி பதிவாகவில்லை என்றால், அதே சாதனத்தின் ஒலியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏவி வழியில் ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அந்தச் சோர்ஸில் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் மறைந்துவிடும்.

அடுத்து செட்டிங்ஸ் சென்று, அவுட்புட் பிரிவில் ரெக்கார்டிங் பார்மட் எம்கேவி என இருக்கிறதா எனப் பாருங்கள். சாதாரண எம்பி4 பார்மட்டில் பதிவு செய்யும்போது பாதியில் மின்சாரம் போனால் முழு பைலும் திறக்காமல் போகலாம். எம்கேவி என்றால் அதுவரை பதிவானது தப்பித்துவிடும். பின்னர் ஓபிஎஸ் புரோகிராமின் பைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் கட்டளை மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக் கொள்ளலாம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணச் சேனல், ஒரு மணி நேரத்திற்கு 1.8 ஜிபி எடுக்கும். 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனல் 3.6 ஜிபி எடுக்கும். சேனலுக்குச் சேனல் இது மாறும் என்றாலும், சாதாரணத்திற்கு 2 ஜிபி, எச்டிக்கு 4 ஜிபி எனக் கணக்கில் வைத்துக் கொள்ளலாம். அப்படியானால் 32 ஜிபி பென் டிரைவில் சாதாரணச் சேனல் சுமார் 15 மணி நேரம் கொள்ளும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் 230 மணி நேரத்திற்கு மேல் கொள்ளும். ஏவி கேப்சர் மூலம் நொடிக்கு 2.5 மெகாபிட்டில் பதிவு செய்தால், மணிக்கு 1.1 ஜிபி போதும்.

இங்கு கவனிக்க வேண்டியவை:

* பென் டிரைவ் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால் ஒரே பைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மூன்று மணி நேரப் படம் இரண்டே கால் மணி நேரத்தில் நின்றுவிடலாம். சில பாக்ஸ்கள் தாமாகவே அடுத்த பைலைத் தொடங்கிவிடும். பாக்ஸ் ஏற்றுக் கொள்ளுமானால் என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்து கொள்ளுங்கள்.

* யுஎஸ்பி 2.0 துளை தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். சில ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது போதாது. "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ, பாக்ஸ் தானாக அணைந்து எழுந்தாலோ, தனி அடாப்டர் கொண்ட டிஸ்க் அல்லது யுஎஸ்பி ஹப் பயன்படுத்துங்கள்.

* மிக மலிவான பென் டிரைவில் எழுதும் வேகம் குறைவு. பதிவில் படம் துண்டு துண்டாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்:

பதிவு செய்ய டைமர் வைத்துவிட்டு, இரவு படுக்கும் முன் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்று மட்டும் கூடாது. ரிமோட்டில் ஸ்டாண்ட்பை வைத்தால் போதும். வீட்டில் உள்ள அனைவருக்கும் இதனைச் சொல்லி வையுங்கள். சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவது இன்னும் நல்லது.

நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்தில் தொடங்குவதில்லை. ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கி, பத்து நிமிடம் கூடுதலாகப் பதிவு செய்யுங்கள். பாக்ஸில் ஒரு டியூனர்தான் என்றால், பதிவாகும்போது வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். கேப்சர் முறையில் எந்தச் சேனல் டிவியில் ஓடுகிறதோ அதுதான் பதிவாகும். நடுவில் யாராவது ரிமோட்டை எடுத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் அதுவும் பதிவில் வந்துவிடும். கன மழையில் டிஷ் சிக்னல் போவதைத் தடுக்க எந்தச் சாதனத்தாலும் முடியாது. மறு ஒளிபரப்பு உண்டா எனப் பார்த்து அதற்கும் ஒரு டைமர் வைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை:

1. ஒரு காலி பென் டிரைவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையில் சிக்னல் இருந்தால் இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

2. அந்தப் பென் டிரைவைக் கடையில் உள்ள கம்ப்யூட்டரிலோ உங்கள் லேப்டாப்பிலோ செருகி, விஎல்சியில் திறந்து பாருங்கள். படமும் ஒலியும் சேர்ந்து வர வேண்டும்.

3. கடையில் சிக்னல் இல்லை என்றால், வீட்டில் மாட்டியபின் இந்தச் சோதனையைச் செய்வேன், சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் எனப் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. டிடிஎச் பாக்ஸ் என்றால், அதே பாக்ஸ் வைத்திருக்கும் உறவினர் அல்லது பக்கத்து வீட்டில் அவர்களின் பதிவு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் பார்மட் செய்யவா என்று கேட்டால் "கேன்சல்" கொடுத்து டிஸ்க்கைப் பத்திரமாகத் திருப்பித் தாருங்கள். உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

5. "பாக்ஸ் பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகள் ஓடுமா?" என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை அத்தான் அன்று கேட்டிருக்கலாம். எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பதிவு செய்தபின்:

பதிவான பைலை அன்றைக்கே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். பைலின் பெயரில் தேதி, சேனல், நிகழ்ச்சி மூன்றும் இருக்கட்டும். விளம்பரங்களை வெட்ட ஆவிடிமக்ஸ் என்ற இலவச புரோகிராம் உதவும். அதில் "காப்பி" முறையைத் தேர்ந்தெடுத்தால் தரம் குறையாது. பைல் பெரிதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் மூலம் சுருக்கலாம். முக்கியமான பதிவு என்றால், சுருக்கிய பிறகும் மூல பைலை அழிக்க வேண்டாம். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் மூன்றாவது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். இடி விழுந்தாலும் மூன்று இடத்திலும் விழாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது சரியா என்ற வழக்கு, வீடியோ டேப் காலத்திலேயே அமெரிக்காவில் நடந்தது. சோனி நிறுவனத்தின் மீது யுனிவர்சல் பட நிறுவனம் தொடுத்த அந்த வழக்கில், அப்படிப் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று 1984ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ல், சொந்தப் பயனுக்கான நியாயமான பயன்பாட்டிற்கு இடம் தருகிறது. அதே சட்டத்தில் 2012ல் சேர்க்கப்பட்ட பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. எனவே பதிவு செய்ததை வீட்டில் பாருங்கள். விற்கவோ, இன்டர்நெட்டில் ஏற்றவோ வேண்டாம்.

முடிவாக:

தொடர்களைத் தள்ளிப் பார்க்க மட்டும் என்றால் செயலியே போதும். இன்டர்நெட் சரியில்லாத ஊர் என்றால் டிடிஎச் ரெக்கார்டர் பாக்ஸ் வாங்கலாம். டிடி தமிழ் போன்ற இலவசச் சேனல்களைச் சேர்த்து வைக்க, ரெக்கார்டிங் வசதியுள்ள இலவச டிடிஎச் பாக்ஸும் ஒரு நல்ல பென் டிரைவும் போதும். கட்டணச் சேனலில் வீட்டார் முகம் வரப் போகிறது என்றால், டிடிஎச் பாக்ஸில் பதிவு செய்வதோடு ஏவி கேப்சர் மூலம் கம்ப்யூட்டரிலும் பதிவு செய்துவிடுங்கள்.

சென்ற பொங்கலுக்கு அக்கா மகளின் கல்லூரியில் நடந்த பட்டிமன்றம் டிவியில் வந்தது. அத்தான் இம்முறை ஏவி கேப்சரை மாட்டி, முதல் நாளே பத்து நிமிடம் பதிவு செய்து சோதித்துப் பார்த்துவிட்டார். படம் சுமார்தான். ஆனால் மறுநாளே அந்த பைல் சென்னையில் என் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க் இன்னமும் அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதை பார்மட் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு டிஸ்க் சேராமல் இருக்க, கடைக்குக் கிளம்பும்போது ஒரு காலி பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளுங்கள்.